வின்னிபெக் குளிரில் ஒரு கீபோர்டு

சென்ற ஜனவரியில் ஒரு நள்ளிரவு. கம்பாரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. பெரியம்மா மகள் அக்கா கனடாவிலிருந்து அழைத்தார். அவர் வின்னிபெக் நகரில் முதுகலை படிக்கிறார். குளிர்காலத்தில் நம்மைவிட 14 மணி நேரம் பின்தங்கிய ஊர் அது. அங்கே அப்போது காலை 10 மணி.

"டேய் தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேன்டா. நேத்து ஒத்திகை முடிஞ்சி கீபோர்ட கார்லயே விட்டுட்டேன். ராத்திரி பூரா மைனஸ் 24. மதியம் 2 மணிக்குப் பொங்கல் நிகழ்ச்சி. உள்ள கொண்டுபோயி ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா?"

"போடாதீங்கக்கா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறை நண்பன் எழுந்து வந்துவிட்டான்.

அந்தக் கீபோர்டின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அவருக்கு வேலை போனது. கிடைத்த இழப்பீட்டில் கடன்களை அடைத்தது போக மிஞ்சிய பணத்தில், 12 வயது மகளுக்கு 61 கட்டைகள் உள்ள ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். பழைய திரைச்சீலைத் துணியில் பெரியம்மா அதற்கு ஓர் உறை தைத்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் வாசித்து வாசித்துத்தான் அக்கா வளர்ந்தார். தோட்ட வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயில் இருக்கிறது, அந்தக் கீபோர்டும் இருக்கிறது.

சரி, இந்த விஷயத்துக்கு அக்கா ஏன் என்னை அழைத்தார்? மின்னியல் படிக்கிறேன் என்பது ஒரு காரணம். இன்னொரு கீபோர்டை நான் கொன்றிருக்கிறேன் என்பதுதான் உண்மையான காரணம்.

எஸ்.பி.எம். முடித்த ஆண்டு அது. ஈப்போவில் எங்கள் பஜனைக் குழுவுக்குச் சொந்தமான ஒரே கீபோர்டு, குழுத் தலைவர் வீட்டு ஏர்கோன் அறையில் இருந்தது. திருவிழா நாளன்று அதை வேனில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். வழி முழுக்க வேனின் ஏர்கோன் காற்று நேராக அதன்மேல் அடித்தது. போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டதே என்று இறக்கிய கையோடு உறையைக் கழற்றிச் சுவிட்சைத் தட்டினேன். முதலில் திரையில் எழுத்துகள் குழம்பின. பிறகு நடுவில் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் ஊமையாயின. அடுத்து ஒரு தீய்ந்த வாடை. அன்றைய பஜனை தபேலாவோடும் கைத்தாளத்தோடும் நடந்தது.

பழுது பார்த்தவர் மின்சுற்றுப் பலகையை என்னிடம் காட்டினார். செம்புக் கோடுகளின் மேல் பச்சை படிந்திருந்தது. "தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஊற்றியது காற்றுதான் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல்கலைக்கழகம் வரை வர வேண்டியிருந்தது.

உணவகத்தில் மைலோ ஐஸ் வாங்கி வைத்தால் இரண்டு நிமிடத்தில் குவளையின் வெளிப்புறம் நனைந்துவிடுகிறதல்லவா? அது உள்ளிருந்து கசிந்த நீர் அல்ல, சுற்றியுள்ள காற்றில் ஆவியாக இருந்த நீர். காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால், தன்னிடமுள்ள ஆவி முழுவதையும் அதனால் தாங்க முடியாது. மிஞ்சுவது துளியாகிவிடும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். மலாயில் அறிவியல் படித்தவர்களுக்குத் 'தாக்காட் எம்புன்' என்றால் உடனே விளங்கும். பனிநிலையைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளைக் காற்றில் வைத்தாலும் அதன்மேல் நீர் படியும். குவளைக்கும் கீபோர்டுக்கும் காற்று வித்தியாசம் பார்ப்பதில்லை.

நம் பேராக் காற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். தேக்கரண்டியில் அளந்தால் கிட்டத்தட்ட ஐந்து கரண்டி. ஏர்கோன் அறையிலிருந்து 20 டிகிரியில் வெளியே வந்த எங்கள் கீபோர்டு, அந்தக் காற்றின் பனிநிலையைவிட 6 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. உறையைக் கழற்றிய நொடியிலேயே அது மைலோ குவளை ஆகிவிட்டது. காற்றிலிருந்து படியும் நீர் தூய்மையானது, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆனால் பலகையில் உள்ள தூசியும் பற்றவைத்தபோது மிஞ்சிய கசடும் அதில் கரைந்ததும் அது உப்புநீர் போல் ஆகிவிடும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் பாதை இல்லாத இடத்திலெல்லாம் மின்சாரம் ஓடும், செம்பு அரிக்கும். சும்மா விட்டிருந்தால் உலர்ந்து பிழைத்திருக்கும். மின்சாரம் கொடுத்துக் கொன்றது நான்.

இப்போது வின்னிபெக்குக்குப் போவோம். ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 என்பது செய்தியே இல்லை. அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 கிராம் அளவுக்குத்தான் நீர் இருக்க முடியும். ஆகவே வெளியே கிடக்கும் வரை கீபோர்டு நனையாது. சூடேற்றிய வீட்டின் உட்புறம் 21 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது பாலைவனக் காற்று, உதடு வெடிக்கும். அதன் பனிநிலைகூட ஏறக்குறைய 3 டிகிரிதான். ஆனால் அக்காவின் கீபோர்டு இருந்தது மைனஸ் 24-இல். பனிநிலையைவிட 27 டிகிரி கீழே! என்னுடையது வெறும் 6 டிகிரியில் செத்தது. அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

உறைகுளிரே கருவியைக் கெடுத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நம் பேராவின் இரண்டு பழைய தொழில்களும் அந்தப் பெட்டிக்குள் வந்து நின்றன.

முதலாவது ஈயம். நாம் 'ஈய லம்பம்', 'ஈயச் சுரங்கம்' என்று சொல்வது உண்மையில் வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய வெள்ளீய வயல்களில் ஒன்று. பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் 1938-ஆம் ஆண்டு ஈயக் கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் சோல்டரில் இருப்பது பெரும்பாலும் அதே வெள்ளீயம்தான். இப்போது பரவலாகப் பயன்படும் காரீயம் இல்லாத சோல்டர் ஒன்றில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், மீதி வெள்ளியும் செம்பும். இந்த உலோகத்துக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. 13.2 டிகிரிக்குக் கீழே அதன் அணுக்கட்டமைப்பு மாறத் தொடங்கும். பளபளக்கும் வெள்ளை உலோகம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத் தூளாக உதிரும். 1851-இல் ஜெர்மனியின் சைட்ஸ் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் இசைக்கருவியின் ஈயக் குழாய்கள் இப்படி உதிர்ந்ததை ஒரு வேதியியலாளர் பதிவு செய்தார். குளிரால் ஓர் இசைக்கருவி நோய்ப்பட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. நெப்போலியன் படையின் சட்டைப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் பொடியாயின என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு மட்டும் ஆதாரம் கிடையாது, நம்பாதீர்கள். கீபோர்டுக்கு இந்த நோய் வருமா? அநேகமாக வராது. தூய வெள்ளீயத்தில்தான் அது எளிதில் பிடிக்கும். வேறு சில உலோகங்கள் கொஞ்சம் கலந்தாலே தடைப்பட்டுவிடும். ஒரே இரவில் நடக்கும் காரியமும் அல்ல.

இரண்டாவது ரப்பர். 1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர் குளிரில் கட்டையாகும், வெயிலில் பிசுபிசுக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அது எல்லாப் பருவத்துக்கும் ஆனது. அப்போதும் மைனஸ் 25 டிகிரியை ஒட்டி நெடுநாள் கிடந்தால் இயற்கை ரப்பர் இறுகிப் போகும், சூடானதும் பழைய நிலைக்குத் திரும்பும். கீபோர்டுக் கட்டைகளுக்கு அடியில் உள்ள குமிழ்கள் நம் பால்மர ரப்பர் என்று எழுதினால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர். மைனஸ் 50 வரையிலும் வளைந்துகொடுக்கக்கூடியது அது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதிலயும் நம்மள வுட்டுட்டானுங்களா" என்று சிரித்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் உள்ள நீர்மப் படிகம் குளிரில் மந்தமாகும், எழுத்துகள் இழுபடும். மின்தேக்கிகளுக்குள் உள்ள திரவம் கெட்டியாகி அவை சரியாக வேலை செய்யா. இவையெல்லாம் வெப்பம் வந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பாத சேதம் வேறு இரண்டு இடங்களில் வரும். ஒன்று பிளாஸ்டிக். குளிரில் அது நொறுங்கும் தன்மை அடைவதால், ஊரில் கீழே விழுந்து பிழைத்த கருவி அங்கே உடையலாம். விறைத்த கேபிளைச் சுருட்டினால் மேலுறை வெடிக்கலாம். மற்றொன்று லித்தியம் மின்கலம். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. லித்தியம் உலோகமாக உள்ளே படிந்து, மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஆபத்தாகவும் முடியலாம். கைப்பேசி, கம்பியில்லா மைக், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஆக, அந்தக் கீபோர்டு காரில் கழித்த இரவு அதைக் கொன்றிருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டு வாசலைத் தாண்டிய பின் வரும் முதல் சில மணி நேரம்தான் கண்டம்.

அக்கா அப்போது வாகன நிறுத்துமிடத்தில் கார்க் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "பெரிய கறுப்புக் குப்பைப் பை இருக்கா? அத எடுத்துட்டு வந்து வெளியவே, குளிர்லயே, கீபோர்ட உறையோட உள்ள வச்சி வாய இறுக்கக் கட்டுங்க. அப்புறம் உள்ள கொண்டுபோங்க. பைய மட்டும் தொறக்காதீங்க" என்றேன்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வெளியே கட்டும்போது பைக்குள் அடைபடுவது அந்த உலர்ந்த குளிர்காற்று. அவ்வளவு காற்றில் உள்ள நீரைப் பிழிந்து எடுத்தால் இரண்டு துளிகூடத் தேறாது. வீட்டின் ஈரக்காற்று பைக்கு வெளியே நின்றுவிடும், படிய வேண்டிய நீரெல்லாம் பிளாஸ்டிக்கின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே கீபோர்டு நனையாமல் மெதுவாக அறை வெப்பத்துக்கு வரும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், ஓர் இரவு விட்டால் நிம்மதி. நானாகச் சொல்வதல்ல இது. யமஹா நிறுவனத்தின் கீபோர்டுக் கையேடுகள் பலவற்றில், வெப்பநிலை சட்டென்று மாறினால் உள்ளே நீர் படியலாம், சில மணி நேரம் மின்சாரம் கொடுக்காமல் உலர விடுங்கள் என்று எழுதியிருக்கிறது. 5 முதல் 40 டிகிரி வரையில் பயன்படுத்தலாம் என்ற அளவும் அங்கேயே இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் கையேட்டைத் தூக்கிப் போடுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

"அப்ப 2 மணிக்கு?" என்று கேட்டார் அக்கா. நான் பதில் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் போதலாம், போதாமலும் இருக்கலாம். சற்று நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "சரி, வை" என்றார்.

இந்த ஆண்டு கனடா, பிரிட்டன், ரஷ்யா என்று படிக்கப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கருவியோடு போகிறவர்களுக்காக, குளிர்காலம் முழுவதும் அதை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு மூலை நல்லது. வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், ஈரம் அங்கேதான் படியும். சூடுகாற்று வரும் துளைக்கு நேர் எதிரேயும் வேண்டாம். நிலவறையில்தான் இடம் என்றால் சிமெண்ட்டுத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்துங்கள், பனி உருகும் காலத்தில் அங்கே நீர் ஏறலாம். சூடேற்றாத கொட்டகையைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள், கையேட்டில் சேமிப்பு வெப்பநிலை போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மின்கலங்களைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாமல் கட்டி, வசந்தம் வரை அப்படியே விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்குள் கொண்டுவருவதும் திரும்ப வெளியே வைப்பதும்தான் மிக மோசம். கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் ஒரு மைலோ குவளை.

இன்னொன்று நமக்குப் பழக்கமே இல்லாதது. அந்த உலர்ந்த காற்றில் கம்பளத்தின்மேல் நடந்து போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். நிலைமின்சாரம். அதே விரலால் கருவியின் பின்பக்கத் துளைகளைத் தொட்டால் சில்லுகள் பாதிக்கப்படலாம். கேபிளைச் செருகும் முன் ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேராவில் இருக்கும் நமக்கும் அதே பை உதவும். கீபோர்டை ஏர்கோன் அறையிலேயே பையில் கட்டி, வெளியே கொண்டுபோய், கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டியபடியே வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். கேமரன் மலையில் நிகழ்ச்சி முடித்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கிவரும் ஒலிபெருக்கிக் குழுக்களுக்கும் இது பொருந்தும். மேலே விடியற்காலைக் குளிரில் ஏற்றிய அம்ப்ளிபையரை ஈப்போவில் இறக்கியவுடன் போடக் கூடாது. சேமித்து வைப்பதில் நம் எதிரி ஆண்டு முழுவதும் ஒரே ஈரம். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காடு வைத்துக்கொள்ளலாம். அதில் சிறிய கருவிகளே அடங்கும். கீபோர்டுக்குச் சிலிக்கா ஜெல்லும் மூடிய பையும் போதும். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரியும். அரிசியில் புதைப்பது பற்றிக் கேட்கிறீர்களா? அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

அன்று அக்கா பையைத் திறக்கவில்லை. கைப்பேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டு, அதை ஒலிவாங்கி அருகே வைத்துப் பாடினார். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் மண்டபம் போய்ச் சேரும் வரை கைப்பேசியைக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தாராம். ஒரு பையன் மேசையைத் தட்டித் தாளம் போட்டானாம். "கீபோர்டு இல்லன்னு யாருமே கேக்கலடா" என்று பிறகு சொன்னார். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மறுநாள் அவருக்குக் காலை, எங்களுக்கு இரவு. காணொளி அழைப்பில் நானும் பெரியப்பாவும் பெரியம்மாவும் காத்திருந்தோம். கறுப்புப் பைக்கு அடியில் விரித்திருந்த துண்டு நனைந்திருந்தது. அக்கா முடிச்சை அவிழ்த்தார். பெரியம்மா தைத்த திரைச்சீலை உறை காய்ந்தே இருந்தது. உறையைக் கழற்றி, கட்டைகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சுவிட்சைப் போட்டார்.

"சத்தம் வருதா?" என்றார் பெரியப்பா.

வந்தது. கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் அழுத்தினால் எழாமல் அப்படியே படுத்துக்கொண்டது. அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தார். எனக்கும் முகம் வெளிறியது.

"அது தோட்டத்துலயே அப்படித்தான்" என்றார் பெரியப்பா.